ரஷ்யத் தூதர் வண்டியை விட்டு இறங்கினாரா?

சூசைதாசனுக்குச் சம்பளம் கொடுத்தது சும்மா நிற்பதற்காக. இப்படிச் சொன்னால் அவருக்கு மூக்குச் சிவந்துவிடும். ஆனால் உண்மை அதுதான். கொலோனிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம் போனால், றைன் ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரம். அங்கே பழைய சிற்றரசர் ஒருவரின் மாளிகையை மியூசியமாக்கி வைத்திருந்தார்கள். அதன் மேல்மாடி அறையொன்றில் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை அவர் நிற்க வேண்டும். படங்களை யாரும் தொடக் கூடாது, பிள்ளைகள் ஓடக் கூடாது, அவரும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. மன்னாரில், பேசாலைக் கடற்கரையில், ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளை என்று பெயரெடுத்தவருக்கு வாய்த்த வேலை இது.

அந்த அறையில் அவருக்குத் துணை ஒரு ரஷ்யர். உயிரோடு இல்லை, படத்தில். நெஞ்சு வரைக்கும் தாடி, உயரமான மயிர்த்தொப்பி, தங்க இழை ஓடிய நீள அங்கி. அங்கிக்குக் கீழே முன்னால் நீட்டிய ஒரு சிவப்புச் சப்பாத்து. பெயர் புரொக்கோபி வெலிச்செவ். முந்நூறு வருடங்களுக்கு முன்னர் மொஸ்கோவின் சார் மன்னர் அந்தச் சிற்றரசரிடம் அனுப்பிவைத்த தூதர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாடியையும் அங்கியையும் பார்த்துவிட்டு, யாரோ ஒரு புனிதராக்கும் என்று நினைத்து, சூசைதாசன் அறைக்குள் நுழையும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த மனிதர் போகிற இடமெல்லாம் மரியாதைக்காகச் சண்டை பிடித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு சிலுவையை நிறுத்திவிட்டு, ஒரு தலையாட்டலோடு விட்டுவிட்டார்.

தெரிந்தது எப்படி என்றால், சுற்றுலாக் கூட்டங்களுக்கு விளக்கம் சொல்கிற பிராவ் மென்ட்சல் என்ற பெண்ணின் வாயால். அவர் பேசினால் குழாய் உடைந்து தண்ணீர் பாய்வது போல இருக்கும். சூசைதாசனின் ஜெர்மனுக்கு ஒரு கூட்டத்துக்கு ஒரு வசனம் பிடிபட்டாலே பெரிய காரியம். ஆனால் அவருக்கு அடுத்தவர் கதையைத் துருவி விடுப்பு அறிகிற புத்தி அதிகம். ஒரு வசனத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், ரயிலில் மென்று, அடுத்த நாள் அடுத்த வசனத்தோடு ஒட்டுவார். இப்படியே ஒரு ரஷ்யப் பிரபுவின் வாழ்க்கையை இரண்டு வருடமாகத் தவணை முறையில் கேட்டு முடித்தார். சரியாகச் சொன்னால், முடிக்கவில்லை. கதையே அங்கேதான் இருக்கிறது.

வெலிச்செவ் பெரிய குடும்பத்துப் பிள்ளை. இளந்தாரியாக இருந்தபோது சார் மன்னரின் சாப்பாட்டு மேசைக்குக் கோப்பை தூக்கினாராம். இதைப் பிடித்த நாள் சூசைதாசனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவரும் ஜெர்மனியில் ஒரு உணவகத்துக் கோப்பையோடுதான் தொடங்கியவர். ஆனால் மொஸ்கோவில் அது பிரபுக்களின் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கிற பதவி. சூசைதாசனுக்குக் கிடைத்தது இறப்பர்க் கையுறை. கோப்பையிலிருந்து ரஷ்யர் மெல்ல மெல்ல உயர்ந்து போலந்துக்கும் வியன்னாவுக்கும் தூது போனார். கடைசியாக, துருக்கியரை எதிர்க்கப் படை கேட்டு இந்தச் சிற்றரசரிடம் வந்தார். போன இடங்களிலெல்லாம் தன் மன்னரின் பட்டங்களை ஒன்றும் விடாமல் வாசிக்கச் சொல்வார். ஆளுகிற ஊர்களில் ஒன்று தவறிப்போனாலும் கையைத் தூக்கி நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். தொப்பியை யாருக்காகவும் கழற்றமாட்டார்.

சூசைதாசனுக்கு மொஸ்கோவும் புதிதல்ல. எண்பத்தைந்தாம் ஆண்டு கொழும்பில் ரஷ்ய விமானம் ஏறி, கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்குப் பக்கம் வந்தவர்களில் அவரும் ஒருவர். இடையில் மொஸ்கோ விமான நிலையத்து வாங்கில் சுருண்டு படுத்திருந்தபோது, சீருடை போட்ட ஒரு பெண் ஒன்றும் பேசாமல் ஒரு துண்டுக் கறுத்தப் பாணைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பாணின் புளிப்பு அவருக்கு இன்னும் நாக்கில் இருந்தது. ஆள் இல்லாத ஒரு மத்தியானம் படத்தைப் பார்த்து, “ஐயா, நானும் உந்தப் பாதையாலைதான் வந்தனான்” என்று சொல்லியும்விட்டார்.

எல்லாம் சரி. ஒரு இடத்தில்தான் கதை அறுந்து போனது.

ரஷ்யர் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த நாள் கடும் மழையாம். அவரை வரவேற்க, சிற்றரசரின் பிரதானி ஒருவர் தன் வண்டியில் ஆற்றங்கரைக்குப் போனார். இரண்டு வண்டிகளும் எதிரெதிரே நின்றன. முதலில் மண்ணில் கால் வைப்பவரின் மன்னர் மற்ற மன்னருக்குக் கீழ் என்று அர்த்தம். ஆகவே ரஷ்யர் இறங்கவில்லை. பிரதானியும் இறங்கவில்லை. மழை கொட்டுகிறது, குதிரைகள் நடுங்குகின்றன, இரண்டு பெரிய மனிதர்கள் வண்டிக்குள் முறைத்துக்கொண்டு இருக்கிறார்கள். இந்த இடத்தில் பிராவ் மென்ட்சல் படத்திலிருந்த சிவப்புச் சப்பாத்தைக் காட்டுவார். “இந்தச் சப்பாத்து முதலில் மண்ணைத் தொட்டதா? அந்தப் பிரதானியின் வண்டியே பக்கத்து அறையில் நிற்கிறது. வாருங்கள், அங்கே சொல்கிறேன்!” கூட்டம் பின்னாலேயே போகும். கதவு சாத்திக்கொள்ளும்.

சூசைதாசன் அறையை விட்டு நகரக் கூடாது. கதவோ தடித்த ஓக் மரம். அந்தப் பக்கத்திலிருந்து கூட்டம் கொல்லென்று சிரிப்பது மட்டும் கேட்கும். ஏன் சிரிக்கிறார்கள் என்று இந்த மனிதருக்கு மண்டை காயும். பக்கத்து அறைக் காவலாளி கோவால்கேயிடம் கேட்டுப் பார்த்தார். பிராவ் மென்ட்சல் வந்தால் தான் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவதாகச் சொன்னார் கோவால்கே. “கடைசியில் என்ன நடந்தது?” என்று விடாமல் கேட்டதற்கு, “இரண்டு பேரும் செத்துப் போனார்கள், முந்நூறு வருடம் ஆகிறதே” என்றார். ஒருமுறை பிராவ் மென்ட்சலையே மறித்துக் கேட்டதற்கு, ஓய்வு நாளில் வந்து கூட்டத்தோடு கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். சூசைதாசனுக்கு ஓய்வு திங்கட்கிழமை. திங்கட்கிழமை மியூசியம் பூட்டு.

இதே காலத்தில் அவருடைய வீட்டுக்குள்ளும் இரண்டு வண்டிகள் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தன.

அவருடைய மனைவி பிளோறன்ஸுக்கு ஒரே ஒரு அண்ணன், அல்பேர்ட். தாய் தகப்பன் போய்விட்டார்கள். இரண்டு தம்பிமாரைக் கடல் கொண்டு போனது. உலகத்தில் மிஞ்சிய ஒரே இரத்தம் பிராங்பேர்ட்டில், விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. நான்கு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

காரணத்தைக் கேட்டால் ஜெர்மன்காரன் தலையைப் பிய்த்துக்கொள்வான். அல்பேர்ட்டின் மகன் லக்ஸனுக்கு முதல் நன்மை, பிள்ளை முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். ஆலய விழாவுக்குத் தங்கையை நேரில் அழைக்க வேண்டும் என்று அல்பேர்ட் பிராங்பேர்ட்டிலிருந்து கார் ஓடி வந்தார். போன் பண்ணிவிட்டு வரவில்லை. தங்கை வீட்டுக்குப் போக, டொக்டரிடம் போவது போல நேரம் குறித்து டெர்மின் எடுப்பதா என்பது அவர் நியாயம். வந்த நேரம் வீட்டில் ஆள் இல்லை, இருவருமே வேலையில். வாசலில் நின்று பார்த்துவிட்டு, அழைப்புக் கார்டைத் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

“சுப்பர்மார்க்கட் விளம்பரம் போடுற பெட்டிக்குள்ளை என்ரை மருமோன்ரை கார்ட்டைப் போட்டிட்டுப் போனவர்! கையிலை தராத அழைப்புக்கு நான் போறதோ?” என்று பிளோறன்ஸ் போகவில்லை.

“வாசல் வரைக்கும் போய் அழைச்சும் வராதவளின்ரை வாசலை இனி மிதிக்கமாட்டன்” என்று அல்பேர்ட் சொன்னதாகச் செய்தி வந்தது.

இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதுதான் பெரிய கரைச்சல். ஒருவர் பிழை செய்திருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம்.

இப்போது, தொண்ணூற்றேழாம் ஆண்டு, சூசைதாசனின் மகள் லாராவுக்கு முதல் நன்மை வந்தது. உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு. கொலோன் பக்கத்துத் தமிழ்ச் சனம் எல்லாம் வரப் போகிறது. பிளோறன்ஸ் லாராவின் வெள்ளைச் சட்டைக்கு மெல்ல அயர்ன் பிடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று நிறுத்தினார்.

“என்ரை முதல் நன்மைக்கு வெள்ளைச் சப்பாத்து இல்லையெண்டு அழுதனான். அண்ணைதான் மன்னார் டவுன் மட்டும் சைக்கிள் உழக்கிப் போய் வாங்கிக்கொண்டு வந்தவர்.”

“அப்ப கூப்பிடுவம்” என்றார் சூசைதாசன்.

“நான் போகமாட்டன். அவர் வரட்டும்.” பிறகு அயர்னைப் பார்த்துக்கொண்டே, “இதுக்கும் வராட்டி இனி எதுக்கும் வரார். நான் செத்தாலும் வரார்” என்றார். சட்டையில் இரண்டு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. அதையும் அயர்ன் பிடித்துக் காயவைத்தார்.

அன்றைக்குத்தான் சூசைதாசன் தூதராகப் பதவியேற்றார். யாரும் நியமிக்கவில்லை. தானாக ஏற்றுக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை ரயிலேறிப் பிராங்பேர்ட்டுக்குப் போனார். அல்பேர்ட்டின் மனைவி அஞ்சலா கதவைத் திறந்து, “வாங்கோ அண்ணை” என்று சொல்லி, வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து அல்பேர்ட் ஒரு செருமல் செருமினார். அஞ்சலா வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி போடப் போய்விட்டார். குசினி மேசையடியில் கதிரையில் இருந்த அல்பேர்ட் எழும்பவில்லை. இருந்தபடியே கையை நீட்டினார். பழைய அல்பேர்ட் என்றால் வாசலுக்கு ஓடி வந்து கட்டிப்பிடித்திருப்பார். தங்கச்சி புருசனுக்கு எழும்புகிற மரியாதையும் போய்விட்டதா என்று சூசைதாசனுக்கு உள்ளே சுருக்கென்றது. தொப்பி கழற்றாத ரஷ்யரை நினைத்து அடக்கிக்கொண்டார்.

“மச்சான், அவள் இஞ்சை வரமாட்டன் எண்டுறாள்.”

“நானும் அங்கை வாறதாயில்லை, மச்சான். அவள் வந்து கையிலை கார்ட்டைத் தந்து கூப்பிட்டால் வருவன்.”

சூசைதாசனுக்கு வேறு வழி தெரியவில்லை. ரஷ்யரின் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். தாடியை, தொப்பியை, மழையை, இறங்காத இரண்டு வண்டிகளை. அல்பேர்ட் தேத்தண்ணியை மறந்துவிட்டுக் கேட்டார்.

“கடைசியிலை ஆர் இறங்கினது?”

“தெரியாது. அது பக்கத்து அறை.”

“என்ன மச்சான், ரெண்டு வருசமா அங்கை நிண்டு என்ன செய்யிறீர்?” அல்பேர்ட் சிரித்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

அந்தச் சிரிப்புத் தந்த துணிவில், தெரியாத முடிவுக்குப் பதிலாகத் தன் முடிவு ஒன்றை சூசைதாசன் கட்டிச் சொன்னார். கொலோனுக்கும் பிராங்பேர்ட்டுக்கும் அரைவழியில், நெடுஞ்சாலையில், லிம்பூர்க் பக்கம் ஒரு தரிப்பிடம் இருக்கிறது. அது யாருடைய வாசலும் இல்லை. இரண்டு காரும் அங்கே வரும். சூசைதாசன் ஹோர்ன் அடிப்பார். இருவரும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். பிளோறன்ஸ் கார்டைக் கையில் கொடுப்பார். யாரும் யாரிடமும் போனதாகாது.

அல்பேர்ட் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். “சரி” என்றார். வழியனுப்பவும் எழும்பவில்லை. இதை சூசைதாசன் வீட்டில் சொல்லவில்லை. தூதருக்கு எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிளோறன்ஸை ஒப்புக்கொள்ள வைக்க ஒரு கிழமை பிடித்தது. முதல் நன்மைக்கு முந்திய கிழமையில், லாராவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். வழி முழுக்க மழை. தரிப்பிடத்தில் அல்பேர்ட்டின் கார் முன்பே வந்து நின்றது. ஸ்டியரிங் பிடித்திருந்தது அஞ்சலா.

“பாருங்கோ, மச்சாளை ஓட விட்டிட்டு மகாராசா மாதிரிப் பக்கத்திலை இருக்கிறார்” என்று பிளோறன்ஸ் முணுமுணுத்தார். காரைத் தன்னைத் தவிர ஒருவரையும் தொடவிடாத அல்பேர்ட் ஏன் அந்தப் பக்கம் இருக்கிறார் என்று சூசைதாசனுக்கும் விளங்கவில்லை. எதிரே நிறுத்தினார். மழை கண்ணாடியில் வழிந்தது. வேதக் கோயிலில் பூசை தொடங்குகிற மாதிரி ஒரு அமைதி.

ஹோர்ன் அடித்தார்.

இரண்டு கதவுகளும் திறந்தன. பிளோறன்ஸ் காலை வெளியே போட்டார். போட்டது என்றால், நிலத்தில் அல்ல. ஒரு சாண் உயரத்தில் தண்ணீர்க் குட்டைக்கு மேலே அந்தரத்தில் பிடித்தபடி அண்ணனின் காரைப் பார்த்தார்.

“என்னப்பா செய்யிறீர்? இறங்கும்!”

“அவர் இறங்கட்டும், பாப்பம்.”

சூசைதாசன் தலையில் கை வைத்தார். இரண்டு கிழமைத் தூது ஒரு சாணில் தொங்கியது.

எதிர்க் காரின் கதவுக்குக் கீழே முதலில் ஒரு தடி வந்தது. கையூன்றுகிற தடி. அது நிலத்தில் ஊன்றியது. பிறகு ஒரு கால் வந்தது. கறுத்த, அகலமான, பட்டி வைத்து இறுக்கிய வைத்தியசாலைச் சப்பாத்து. அதன் முன்பாதிக்குள் ஒன்றும் இல்லாதது போல மடிந்து கிடந்தது. அந்தக் கால் மெதுவாக, நோவெடுக்கிற மாதிரி, மழைத் தண்ணீருக்குள் இறங்கி நிலத்தைத் தொட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு அல்பேர்ட் எழும்பி நின்றார்.

பிளோறன்ஸ் வென்றுவிட்டார்.

அவருடைய கால் எப்போது குட்டைக்குள் விழுந்தது என்று அவருக்கே தெரியாது. சூசைதாசன் பார்த்தபோது பக்கத்துச் சீட்டு வெறுமையாக இருந்தது. பிளோறன்ஸ் மழைக்குள் ஓடிக்கொண்டிருந்தார். கையிலிருந்த கார்டு நனைந்து வளைந்து போயிருந்தது.

“அண்ணை! காலுக்கு என்ன?”

“ஒண்டுமில்லையடி. சலரோகம். சீனி கூடிக் கால் விரலுகளை எடுத்துப்போட்டாங்கள்.”

“எப்ப?”

“போன மாரியிலை.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

அல்பேர்ட் லொறிகள் போகிற பக்கம் பார்த்தார். “தபால்பெட்டிக்குள்ளை போட்டா வாசிக்கமாட்டாய் எண்டு நினைச்சன்.”

பிளோறன்ஸ் அண்ணனின் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தார். பிறகு அதே நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு, லொறிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதார். காருக்குள்ளே சூசைதாசனுக்குப் பிராங்பேர்ட்டின் குசினிக் கதிரை ஞாபகம் வந்தது. எழும்பாத மனிதரை மரியாதை தெரியாதவர் என்று நினைத்தாரே! வெட்கம் பிடுங்கித் தின்றது. இறங்கிப் போய் மச்சானின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.

அஞ்சலா பின்சீட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து லாராவிடம் கொடுத்தார். உள்ளே வெள்ளைச் சப்பாத்து. அழைப்பு வருவதற்கு முன்பே அல்பேர்ட் வாங்கி வைத்தது. லாரா அங்கேயே காரின் படியில் இருந்து போட்டுப் பார்த்தாள். காலின் அரைவாசிதான் உள்ளே போனது. மாமன் கடைசியாகப் பார்த்த பிள்ளையின் அளவுக்கு வாங்கியிருந்தார். நான்கு வருடத்தில் பிள்ளைகளின் கால் எவ்வளவு வளரும் என்று அங்கு ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் நன்மை அன்று அல்பேர்ட் ஆலயத்தில் முன் வாங்கில் இருந்தார். லாரா வேறு சப்பாத்தோடு நடந்து போனாள். சின்னச் சப்பாத்துப் பெட்டி வீட்டில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டது.

மே மாதத்தில் கோவால்கே விடுமுறையில் போனார். சூசைதாசனைப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். அவர் அன்று காலை சவரம் செய்துகொண்டு போன விதத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போலிருந்தது. கூட்டம் வந்தது. பிரதானியின் பழைய வண்டிக்கு முன்னால் நின்று பிராவ் மென்ட்சல் சொன்னார். ஒரு சொல்லையும் விடாமல் சூசைதாசன் கேட்டார்.

ரஷ்யர் இறங்குவது போலக் கதவைத் திறந்தார். இரண்டு ஏவலாளர்கள் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிக் கீழே இறக்கினார்கள். சிவப்புச் சப்பாத்து கீழே வருவதைக் கண்ட பிரதானி, இருவரும் ஒன்றாகவே இறங்குகிறோம் என்று நம்பிக் குதித்துவிட்டார். சப்பாத்தோ மண்ணுக்கு ஒரு மயிரிழை மேலே, அந்தரத்தில் நின்றது. பிரதானி சேற்றில் நின்ற பிறகுதான் ரஷ்யர் ஆற அமரக் காலை வைத்தார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இரண்டு வருடமாகக் கதவுக்கு அப்பால் கேட்ட அதே சிரிப்பு. சூசைதாசனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் பிராவ் மென்ட்சல் இன்னும் கொஞ்சம் சொன்னார். ரஷ்யர் தன் வெற்றியைப் பெருமையாக மொஸ்கோவுக்கு எழுதினார். அவமானப்பட்ட சிற்றரசர் ஒரு படைவீரனைக்கூட அனுப்பவில்லை. மன்னர் வெலிச்செவுக்கு ஒரு மயிர் அங்கி பரிசளித்தார், அதற்குப் பிறகு அவரை எங்கும் தூது அனுப்பவில்லை. மிச்சக் காலத்தைத் தன் பண்ணையில் கழித்தார்.

மாலை வீட்டுக்குப் போனபோது பிளோறன்ஸ் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

“உங்கடை ரஷ்யன்ரை கதை முடிஞ்சுதோ?”

சூசைதாசன் கோட்டைக் கழற்றாமலே சொல்லி முடித்தார். அந்தரத்தில் நின்ற காலைப் பற்றிச் சொன்னபோது பிளோறன்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“அப்ப வெண்டிட்டாரோ?”

“ஓம், வெண்டிட்டார்.”

“பிறகு?”

“பிறகு என்ன? வீட்டை போய் இருந்தார்.”

பிளோறன்ஸ் பொரிந்த ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார்.

“பாவம்” என்றார். “மற்ற வண்டிக்குள்ளை அந்த மனிசனுக்கு ஒருத்தரும் இல்லைப் போல.”

அடுப்பைக் குறைத்துவிட்டு, அண்ணனுக்கு இன்றைக்குக் கட்டு மாற்றினார்களா என்று கேட்கப் பிராங்பேர்ட்டுக்குப் போன் எடுக்கப் போனார்.